உள்ளே வருவது, வெளியே போவது

உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை கதவுகள் இருக்கின்றன? எண்ணிப் பாருங்கள். வாசல் கதவு, பெட்ரூம் கதவு, பால்கனிக் கதவு, பீரோ கதவு என்று ஃப்ரிட்ஜ் வரைக்கும் சேர்த்தால்கூடப் பத்தோ பன்னிரண்டோ தேறும். அதில் நீங்கள் மூடிக்கொண்டால் வேறு யாரும் தட்டாத கதவு எத்தனை? சென்னையில் டபுள் பெட்ரூம் ஃப்ளாட்வாசி என்றால் விடை எனக்கே தெரியும். பூஜ்யம். பாத்ரூம் கதவைக்கூட 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று தட்டத்தான் செய்வார்கள்.

அப்படி ஒரு கதவைத் தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனதைப் பற்றித்தான் இந்த வாரம். மரக்கதவு இல்லை. தலையில் மாட்டிக்கொள்கிற கதவு. க்ளோஸ்டு பேக் ஹெட்போன் என்று அதற்குப் பெயர்.

தேவை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸில் இருந்த ஓர் இளைஞர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். போகும்போது தன் எலெக்ட்ரிக் கிதாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 'வித்தா கால் விலைக்குத்தான் போகும் சார், நீங்களே வெச்சுக்கங்க' என்றார். நாற்பது தாண்டினவனுக்கு நாலு விரலும் நாலு திசையில் வளைய மறுக்கும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? காலேஜ் நாளிலிருந்து உள்ளே கிடந்த ஆசை.

கற்றுக்கொள்ள எனக்குக் கிடைக்கிற நேரம் ராத்திரி பதினொன்றுக்கு மேல். பத்திரிகைக்காரன் வீடு திரும்பும் நேரம் அதுதான். ஹாலில் எழுபத்தெட்டு வயது அம்மா தூங்குவார். ஓர் அறையில் ப்ளஸ் டூ படிக்கிற மகள். இன்னோர் அறையில், காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கும் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் ரிடையர்டு ஆசாமி ஒருவர். அவர் இருமினால் இங்கே கேட்கும். நான் கிதார் வாசித்தால் அங்கே என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாசித்தால் பல்லி நடமாடுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். ஆம்ப்ளிஃபையர் போட்டால் தெருவே எழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரே வழி, ஹெட்போன். அதே ஹெட்போனில் நிம்மதியாகப் பாட்டும் கேட்க வேண்டும். பட்ஜெட் ஆறாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

கடைக்காரத் தம்பி படு உற்சாகம். "எது சார் வேணும்? எக்ஸ்ட்ரா பாஸா, கேமிங்கா, நாய்ஸ் கேன்சலிங்கா?"

"க்ளோஸ்டு பேக் வேணும் தம்பி."

"எல்லாமே க்ளோஸ்தான் சார். பெட்டியே பிரிக்கலை பாருங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விஷயம் இதுதான். ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. அதன் சவ்வு முன்னே போனால் உங்கள் காதுக்குச் சத்தம். பின்னே வரும்போது பின்பக்கமும் அதே சத்தத்தை எழுப்பும். இந்தப் பின்பக்கத்துச் சத்தத்தை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கட்சிகள். ஓட்டை போட்டு வெளியே விட்டால் ஓப்பன் பேக். கிண்ணத்தை அடைத்துவிட்டால் க்ளோஸ்டு பேக்.

ஓப்பன் பேக்கை 1968ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்.டி.414 என்ற மாடலில் கொண்டுவந்தது. மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்தது. ஓப்பன் பேக்கில் பாட்டு கேட்டால் மொட்டை மாடியில் கச்சேரி கேட்பதுபோல் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் உங்கள் பாட்டைப் பக்கத்தில் இருப்பவரும் கேட்பார். அவர் வீட்டு மிக்ஸியை நீங்கள் கேட்பீர்கள்.

க்ளோஸ்டு பேக்கில் இந்தப் பண்டமாற்று கிடையாது. பதிலுக்கு அதற்கென்று ஒரு சங்கடம் உண்டு. அடைத்த கிண்ணத்துக்குள் சத்தம் முட்டி மோதித் திரும்பும். மட்டமாகச் செய்திருந்தால் பானைக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். மலிவு விலை க்ளோஸ்டு பேக்கில் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பானைச் சத்தத்தைத்தான்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருடம் அக்கவுன்டன்ஸியில் ஒரு பொன்விதி சொல்லித்தருவார்கள். உள்ளே வருவதைப் பற்றில் எழுது, வெளியே போவதை வரவில் எழுது. வெளியே போவதைப் போய் வரவு என்கிறார்களே என்று வகுப்பே குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கும். ஹெட்போன் கடையில் நின்றபோது அந்த விதி ஞாபகத்துக்கு வந்தது. வெளியே என்ன போகிறது, உள்ளே என்ன வருகிறது? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும், பெட்டியில் அச்சடித்திருக்கிற பாதி சமாசாரத்தைப் படிக்கவே வேண்டாம்.

கடைக்காரத் தம்பி சொன்ன நாய்ஸ் கேன்சலிங் வேறு ஜாதி. அதில் ஒரு மைக், வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடித்துவிடும். பேட்டரி வேண்டும். ரயில், விமானத்தின் ஒரே மாதிரியான இரைச்சலுக்கு அற்புதம். வீட்டில் ராத்திரி கிதார் பழக அது எதற்கு? அந்தக் காசை நல்ல ஸ்பீக்கருக்கும் நல்ல குஷனுக்கும் கொடுக்கலாம்.

அடுத்து, வயர். 'இந்தக் காலத்துல போய் வயரா சார்?' என்பார்கள். பாட்டு மட்டும் கேட்பதானால் ப்ளூடூத் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. கிதார் பழக வேண்டுமானால் வயர்தான். ப்ளூடூத்தில் சத்தம் பொட்டலம் கட்டப்பட்டு, அனுப்பப்பட்டு, பிரிக்கப்பட்டு வருகிறது. அதற்குச் சாதாரணமாக 200 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது. போனே படத்தையும் கொஞ்சம் நிறுத்தி வைத்துச் சமாளித்துவிடும். ஆனால் உங்கள் விரலை யார் நிறுத்தி வைப்பது?

சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 200 மில்லி செகண்ட் என்பது கிட்டத்தட்ட 70 மீட்டர். கிதாரை வீட்டில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் வைத்து வாசிக்கிற மாதிரி. நாலு தாளம் தாண்டுவதற்குள் கிறுக்குப் பிடித்துவிடும். கிதாருக்கென்றே தாமதமில்லாத தனி வயர்லெஸ் ஹெட்போன்கள் இருக்கின்றன. அவற்றின் விலை நம் ஆறாயிரத்தை நெருங்கக்கூட விடாது.

பெட்டிமேல் பெரிய எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும். 5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று. மனிதக் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 வரைதான். அதுவும் சின்ன வயதில். நாற்பது தாண்டினால் மேல்மாடி ஒவ்வொன்றாக விளக்கணைக்க ஆரம்பித்துவிடும். மிச்சத்தை வீட்டு நாய்க்குத்தான் மாட்டிவிட வேண்டும். கிதாரின் மிகத் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கிதார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். ஆகவே அந்த நாற்பதாயிரத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

பார்க்க வேண்டிய எண் வேறு. ஓம் என்று போட்டிருக்கும் மின்தடை. 32லிருந்து 60 சொச்சம் வரை இருந்தால் பெரும்பாலும் செல்போனே தள்ளிவிடும். பேயர்டைனமிக்கின் டி.டி.770 ப்ரோ என்ற புகழ்பெற்ற ஸ்டூடியோ ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. 'பெரிய நம்பர்தானே உசத்தி' என்று 250ஐ வாங்கிப் போனில் செருகினால் பாடகர் பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல் இருக்கும். அதைத் தள்ளத் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

எக்ஸ்ட்ரா பாஸ்? கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரி நெஞ்சில் இடிக்கும். கேட்கச் சுகம்தான். ஆனால் பழகுகிறவனுக்கு ஆகாது. தந்தியை அரைகுறையாக அழுத்தினாலும், பக்கத்துத் தந்தியில் விரல் பட்டு இழுபட்டாலும், அந்த இடி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். பழகுகிறவனின் ஹெட்போன் ஆடிட்டர் மாதிரி இருக்க வேண்டும். அம்மா மாதிரி இருக்கக் கூடாது.

எப்படிச் சோதிப்பது? கடைக்காரர் போடுகிற 'டெமோ' பாட்டில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் பாடும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துப்போங்கள். நான் கொண்டுபோனது 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டு. இளையராஜா இசையில், அந்தக் கிதாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். நூறு தடவை அல்ல, ஆயிரம் தடவை கேட்டது. அதில் கிதாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக விழ வேண்டும். கீழே பாஸ் கிதார் தன் வழியில் தனியாக நடக்க வேண்டும். கிதாரின் மேல் பாஸ் உட்கார்ந்து நசுக்கினாலோ, எஸ்.பி.பி.யின் குரல் சொம்புக்குள்ளிருந்து வந்தாலோ, தயங்காமல் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிடலாம்.

கடைசியில் என் பட்ஜெட்டுக்குள் அடங்கி, நிலாப் பாட்டிலும் தேறியது ஆடியோ டெக்னிக்காவின் எம்20எக்ஸ். 47 ஓம். இதற்கு மேல் எம்40எக்ஸ் என்று இருக்கிறது. அதில் வயரைக் கழற்றி மாற்றலாம். இதில் முடியாது. சோனியின் எம்.டி.ஆர்.7506, 1991லிருந்து ஸ்டூடியோக்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. கையில் காசு புரண்டால் அங்கே போகலாம். எனக்கு எம்20எக்ஸின் மூன்று மீட்டர் வயரும், அது இடது பக்கத்திலிருந்து மட்டும் இறங்குவதும் பிடித்தது. கிதார் மடியில் இருக்கும்போது வயர் தந்தியில் சிக்காது. அதே மூன்று மீட்டரை பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் காலில் சுற்றும். ஒரே சமாசாரம்தான், இடத்துக்கு இடம் லாபம் நஷ்டம் மாறுகிறது.

வாங்கும்முன் இன்னும் இரண்டு பரீட்சைகள் உண்டு. ஒன்று, பத்து நிமிடமாவது தலையில் வைத்திருங்கள். முதல் நிமிடத்தில் எல்லாம் சொகுசாகத்தான் இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில்தான் காது கசகசக்கும். சென்னை மே மாதத்தை மனதில் கொள்ளுங்கள். குஷனின் ரெக்ஸின் வியர்வையில் ஊறி, நாளாவட்டத்தில் கறுப்புத் தூளாக உதிரும். தனியாக மாற்று குஷன் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். இரண்டு, மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே சோதியுங்கள். கண்ணாடியின் காம்பு குஷனுக்கும் தலைக்கும் நடுவே ஒரு சந்து உண்டாக்கும். அந்தச் சந்து வழியாக பாஸ் ஓடிவிடும். உங்கள் கதவு முழுசாக மூடாது.

கிதார்காரர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. எலெக்ட்ரிக் கிதாரில் ஹெட்போனை நேராகச் செருகினால் உருப்படியாக எதுவும் கேட்காது. கிதாரிலிருந்து வருவது அவ்வளவு நோஞ்சான் மின்சாரம். நடுவில் ஒரு ஆள் வேண்டும். வீட்டில் பழகுவதற்கான சின்ன ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலும் ஹெட்போனுக்கு ஒரு துளை இருக்கும். செருகினதும் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். இல்லையென்றால் தீப்பெட்டி போல் ஒன்று வருகிறது, கிதாரின் துளையிலேயே செருகிக்கொள்ளலாம். அதில் கேபினெட் சிமுலேஷன் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் போட்டதும் காதுக்குள் தேனீக் கூடு கலைந்த மாதிரி இருக்கும். உங்களிடம் இருப்பது மரக் கிதார் என்றால் ஹெட்போன் அதன் சத்தத்தைக் குறைக்காது. கூடவே ஓடுகிற பாட்டை நீங்கள் மட்டும் கேட்க உதவும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வாங்குவதற்கு முந்தைய கணக்கு. வாங்கின பிறகு ஒரு கணக்கு இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா.

அப்பா அச்சகத்தில் மெஷின்மேன். முப்பது வருடம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் சைகையில்தான் பேசுவார்கள். காதுக்கு ஒரு பஞ்சுகூட வைத்ததில்லை. ஐம்பது வயதுக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது குறைந்தது. நாகஸ்வரம் என்றால் உயிரை விடுகிற மனிதர். ரேடியோவை ஒவ்வொரு வருடமும் ஒரு திருகு கூடுதலாகத் திருகினார். ஒரு கட்டத்துக்குமேல் திருகுவதற்கு இடமில்லை. வீட்டில் யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். ஒரு வினாடி தாமதமாக. அந்த ஒரு வினாடி இருக்கிறதே, அதை எங்களால் பார்க்க முடியாது. எங்கேயாவது வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதில் பிறக்கும்போது சுமார் 16,000 முடிச் செல்கள். சத்தத்தை நரம்புக்கு எழுதிக் கொடுக்கிற குமாஸ்தாக்கள் அவர்கள்தான். ஒருவர் போனால் போனதுதான். புது ஆள் எடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு வரம்பு சொல்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபலில் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். டெபாசிட்டே போட முடியாத, எடுக்க மட்டுமே முடிகிற பேங்க் அக்கவுன்ட் இது.

க்ளோஸ்டு பேக் நமக்கு உதவுவது இங்கேதான். ஓப்பன் பேக்கிலோ, சரியாகப் பொருந்தாத இயர்போனிலோ பஸ்ஸின் இரைச்சலை ஜெயிக்கச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். இதில் வெளி இரைச்சல் குறைவாக வருவதால் குறைந்த சத்தமே போதும். நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ராத்திரி வால்யூம் திருகை பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, கிதார் தெளிவாகக் கேட்கிற முதல் இடத்தில் நிறுத்திவிடுவேன். நடுவில் கை வைப்பதில்லை. அரைமணி வாசித்தபின் காது பழகிப்போய் 'இன்னும் கொஞ்சம் கூட்டேன்' என்று கேட்கும். கொடுப்பதில்லை.

சரி, வெளியே போவது பூஜ்யம். உள்ளே வருவதும் கிட்டத்தட்ட பூஜ்யம். கணக்கு டேலி ஆகிவிட்டதா? அங்கேதான் சிக்கல். உள்ளே வராத சத்தங்களில் பக்கத்து வீட்டு இருமல் மட்டுமா இருக்கிறது? ஹாலில் படுத்திருக்கும் அம்மாவின் குரலும்தானே இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவருக்குத் தண்ணீர் வேண்டியிருக்கலாம். பாத்ரூம் போகக் கை கொடுக்க வேண்டியிருக்கலாம். அதனால் ஹாலைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அம்மாவின் தலைமாட்டில் ஒரு டார்ச் லைட். "கூப்பிடணும்னா என் மூஞ்சியிலே அடிம்மா" என்று சொல்லிவைத்தேன்.

முதல் வாரமே ஒருநாள் வெளிச்சம் விழுந்தது. எழுந்து ஓடினேன்.

"ஏண்டா, இவ்வளவு நேரமா தடவிட்டே இருக்கே, சத்தமே வரலியே. ரிப்பேரா?" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினேன். எனக்குத் தெரிந்த நாலு கார்டுகளையும் வாசித்தேன். மூன்றாவது கார்டுக்கு விரல் போய்ச் சேர நேரமாகும். அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கண்ணை இடுக்கி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஹெட்போன் மாட்டினவர்கள் எல்லோரும் பேசுகிற அதே உச்சஸ்தாயியில் சொன்னார்: "நல்லாத்தாண்டா வாசிக்கறே!"

மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மனைவி விளக்கைப் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருமல் கேட்டது. நான் கிதார் பழகுவதால் அந்தக் கட்டடம் விழித்துக்கொண்டது அந்த ஒரே ராத்திரிதான்.

ஆகவே நீங்கள் கடைக்குப் போகும்போது மனப்பாடமான பாட்டு ஒன்று, மூக்குக்கண்ணாடி, பத்து நிமிடப் பொறுமை, மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே என்ன போகிறது, உள்ளே என்ன வருகிறது என்று கேளுங்கள். வந்தே தீர வேண்டிய குரல் ஒன்று வீட்டில் இருந்தால், திரும்பும் வழியில் ஒரு டார்ச்சும் வாங்கிவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஹெட்போனுக்கு வாரன்டி கார்டு தருவார்கள். காதுக்குத் தருவதில்லை.